ரிசர்விலேயே இருப்பதா, ஒதுங்குவதா, இருபதைத் தொடுவதா? ராணுவக் குடும்ப அட்டையை வைத்து ஒரு கணக்கு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரமாக ஒரு தாள் கிடக்கிறது. ஊறுகாய் பாட்டிலை அதன்மேல் வைத்து, பிறகு அவசரமாகத் துடைத்த கறைகூட அதில் இருக்கிறது. பகுதிநேர வீரர்களைக் கொண்ட அமெரிக்க ராணுவ ரிசர்வில் என் கணவரின் ஒப்பந்தம் முடியப்போகிறது. நீட்டிக்க விரும்பினால் கையெழுத்துப் போடச் சொல்லும் தாள் அது. அவருக்கு இப்போது 44 வயது. ஓய்வூதியக் கணக்கில் சேரும் "நல்ல வருடங்கள்" 15 ஆகிவிட்டன; 20 ஆனால்தான் ஓய்வூதியம்.

முடிவு அவருடையது என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் அவர் என்ன செய்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் வீரரின் குடும்பத்துக்கு ராணுவம் தரும், என் கைப்பையில் இருக்கும் அடையாள அட்டை, மகளுக்கு அடுத்த ஆண்டு எடுக்க வேண்டிய அட்டை, எங்கள் மருத்துவக் காப்பீடு எல்லாமே இருக்கின்றன. டாலஸ் பக்கம் இதே நிலையில் இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரியும். 2009இல் ஆள் சேர்க்கத் தொடங்கி 2016இல் நிறுத்தப்பட்ட மாவ்னி என்ற திட்டத்தில், ராணுவத்துக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. விசாவில் இருந்த நம் பிள்ளைகள் சிலர் அந்த வழியாக உள்ளே போய், பயிற்சிக் காலத்திலேயே குடியுரிமை பெற்றார்கள். என் கணவர் 2010இல் போனவர். நான்கு ஆண்டு முழுநேரப் பணி, அப்புறம் ரிசர்வ். அந்தச் செட்டில் பலருக்கு இப்போது இதே தாள் வந்துகொண்டிருக்கிறது.

வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "வெளியே வந்தா வீட்டுக்காரம்மா கார்டு போயிடுமா?" கேள்வியே சற்றுத் தப்பு. அட்டை போகாத இடத்திலும் அதன் மதிப்பு போய்விடுகிறது. இதை நான் மூன்று அட்டைகளைக் கையில் வைத்திருந்து கற்றுக்கொண்டேன்.

2013இல் எனக்குக் கிடைத்த முதல் அட்டை பழுப்பு நிறம், டிடி 1173. அவர் முழுநேரப் பணியில் இருந்தார். அட்டையின் பின்பக்கத்தில் மருத்துவம், கமிசரி (தளத்து மளிகைக் கடை), எக்ஸ்சேஞ்ச் (தளத்துப் பொதுக் கடை) என்று ஒவ்வொன்றுக்கும் "உண்டு" என்று அச்சாகியிருந்தது. 2014இல் அவர் ரிசர்வுக்கு மாறியதும் அதை வாங்கிக்கொண்டு சிவப்பு அட்டை கொடுத்தார்கள், டிடி 1173-1. படம் அதே படம், பெயர் அதே பெயர், கணவரும் அதே கணவர். மருத்துவம் மட்டும் காணோம். 2020 ஜூலை கடைசியில் புது வகைப் பிளாஸ்டிக் அட்டை வர ஆரம்பித்தது. என்னுடையதை 2021இல் மாற்றினேன். இப்போது நிறத்தை வைத்து யார் எந்த வகை என்று சொல்ல முடியாது, எழுத்தைப் படித்தால்தான் உண்டு. அதனால்தான் குழப்பம் அதிகமாகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சிவப்பாக இருந்தபோது குறைந்தபட்சம் அது வேறு அட்டை என்றாவது தெரிந்தது.

யாருக்கு அட்டை உண்டு என்பதை முதலில் முடித்துவிடலாம், இதில் பெரிய விவாதம் இல்லை. சட்டப்படி மணந்த கணவன் அல்லது மனைவி. 21 வயதுக்குள் இருக்கும் மணமாகாத பிள்ளைகள். பாதிக்கு மேல் செலவை ரிசர்வ் வீரர் ஏற்றுக்கொண்டு, பிள்ளை முழுநேரமாகக் கல்லூரியில் படித்தால் 23 வரை, அல்லது படிப்பு முடியும் வரை, எது முந்தியோ அது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத உடல், மன நிலையில் இருக்கும் பிள்ளைக்கு, அந்த நிலை 21க்கு முன்னால் வந்திருந்தால், வயது வரம்பு கிடையாது. சின்னக் குழந்தைகளுக்குத் தனி அட்டை வேண்டியதில்லை. நெடுங்காலமாக 10 வயதுதான் எல்லை. ஒற்றைப் பெற்றோரின் பிள்ளைக்கும், அப்பா அம்மா இருவருமே படையில் இருக்கும் பிள்ளைக்கும் அதற்கு முன்னாலேயே கொடுப்பார்கள். ஆனால் அட்டை இருக்கிறதோ இல்லையோ, டீர்ஸ் என்ற பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். குழந்தை பிறந்த சூட்டோடு ஏற்றிவிடுங்கள். அங்கே பெயர் இல்லாத பிள்ளை அவர்கள் கணக்கில் பிறக்காத பிள்ளை.

பெற்றோர் விஷயம் தனி. ஆறு மாதத்துக்கு வந்திருந்த என் அத்தை, நான் அட்டையைக் காட்டி ராணுவத் தளத்தின் வாசலைக் கடப்பதைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: "ஏம்ப்பா, எனக்கும் அந்தக் கார்டு கிடைக்குமா? நானும் உன்னை நம்பித்தானே இருக்கேன்."

"கிடைக்காதும்மா. அப்பாவோட ஃபேமிலி பென்ஷன் வருதுல்ல."

"அதுல என்னப்பா வருது, மாத்திரைக்கே சரியாப் போகுது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இவர்கள் பார்ப்பது, அத்தையின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் மகன் கொடுக்கிறாரா என்பதை. அதற்கு டிடி 137-3 என்று ஒரு படிவம். வீட்டு வாடகைப் பங்கு, சாப்பாடு, மருந்து, துணிமணி என்று பத்துப் பைசா விடாமல் எழுதி, பெற்றோருக்கு வரும் வருமானத்தையும் காட்ட வேண்டும். சொந்த வீடும் பென்ஷனும் வைத்துக்கொண்டு, பார்வையாளர் விசாவில் வந்துபோகும் நம்மூர்ப் பெற்றோருக்கு அந்தக் கணக்கு தேறுவது அபூர்வம். தேறினாலும் ராணுவத்தின் ட்ரைகேர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பெற்றோரைச் சேர்த்துக்கொள்வதில்லை. அம்மாவுக்கு வைத்தியம் ஆகும் என்ற நம்பிக்கையில் மட்டும் இந்த முடிவை எடுக்க வேண்டாம்.

சரி, மேசைமேல் இருக்கும் தாளுக்கு வருவோம். எங்களுக்கு முன்னால் இருந்த வழிகள் ஐந்து. எல்லாவற்றையும் ஒரே எடையில் வைக்கப்போவதில்லை, ஏனென்றால் அவை ஒரே எடை இல்லை.

முதல் வழி, இருக்கிற இடத்திலேயே இருப்பது: செலக்டட் ரிசர்வ். மாதம் ஒரு வார இறுதி டிரில், ஆண்டுக்கு இரண்டு வாரப் பயிற்சி. குடும்பத்துக்கு ரிசர்வ் குடும்ப அட்டை. கமிசரியும் எக்ஸ்சேஞ்சும் கட்டுப்பாடில்லாமல் திறந்திருக்கும். பழைய ஆட்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்: ஒரு காலத்தில் ரிசர்வ் குடும்பங்களுக்கு கமிசரிக்குள் ஆண்டுக்கு 24 முறைதான் அனுமதி, அதற்கென்று தனி அட்டை வைத்து எண்ணுவார்கள். 2003 நவம்பரில் வந்த சட்டம்தான் அந்த எண்ணிக்கையை ஒழித்தது. கமிசரியில் விற்பனை வரி கிடையாது, பில்லில் 5 சதவீதக் கூடுதல் கட்டணம் உண்டு. எங்களுக்குப் பக்கம் ஃபோர்ட் வொர்த் கடற்படை விமானத் தளத்தில் இருப்பது. "பக்கம்" என்றால் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். பாலும் இறைச்சியும் சீஸும் வாங்க வருடத்துக்கு ஐந்தாறு முறை போவோம். பொன்னி அரிசிக்கும் கறிவேப்பிலைக்கும் எப்படியும் வேறு கடைக்குத்தான் போக வேண்டும், ஆகவே இந்தச் சலுகையை நான் பெரிதாக எடைபோடுவதில்லை. தளத்துக்குப் பத்து நிமிட தூரத்தில் இருப்பவர்கள் வேறு மாதிரி எண்ணலாம்.

செலக்டட் ரிசர்வின் உண்மையான சரக்கு வேறு: ட்ரைகேர் ரிசர்வ் செலக்ட். அட்டையோடு தானாக வருவது அல்ல இது, காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் அரசு இதன் செலவில் 28 சதவீதத்தைத்தான் நம்மிடம் கேட்கிறது. 2025இல் வீரருக்கு மட்டும் என்றால் மாதம் 53.80 டாலர், குடும்பத்துக்கு 274.48 டாலர். ஆண்டுக்கு 3,300 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. என் கணவரின் ஐடி கம்பெனிக் காப்பீட்டுக்கு மூன்று பேருக்கு மாதம் 600 டாலருக்கு மேல் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதை விட்டு இதற்கு மாறிய முதல் மாதம் சம்பளச் சீட்டைப் பார்த்து, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவர் எச்ஆருக்கு மெயில் போட்டார். ஆண்டு முழுக்க எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்பதும் இதன் நல்ல குணம்.

ஒரு முள் உண்டு. மத்திய அரசு வேலையில் இருந்துகொண்டு, அந்த ஊழியர் காப்பீட்டுக்குத் தகுதியுள்ள ரிசர்வ் வீரர்கள் இதை வாங்க முடியாது. வாங்காமல் விட்டிருந்தாலும் சரி, தகுதி இருந்தாலே தடைதான். இந்தத் தடை 2030 ஜனவரி 1 அன்று விலகும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் குழுவில் ஒருவர் மத்திய அரசு அலுவலகத்தில் பகல் வேலை, வார இறுதியில் டிரில். என் கணவரைவிட அதிக நாள் ராணுவத்தில் இருந்தும் அவர் மனைவியின் அட்டைக்குப் பின்னால் ட்ரைகேர் கிடையாது. அவர்களுக்கு முதல் வழி என் கணக்கைப் போல இனிக்காது.

இரண்டாவது வழி, ஐஆர்ஆர், அதாவது இண்டிவிஜுவல் ரெடி ரிசர்வ். டிரில் இல்லை, சம்பளம் இல்லை, பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும், தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். பலர் இதை "கார்டும் இருக்கும், சனி ஞாயிறும் நமக்கு" என்று சொல்லி விற்கிறார்கள். கார்டு இருக்கும், உண்மைதான். கமிசரி, எக்ஸ்சேஞ்ச் எல்லாம் அப்படியே. ட்ரைகேர் ரிசர்வ் செலக்ட் போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஓய்வூதியக் கணக்கில். ஒரு வருடம் "நல்ல வருடம்" ஆக 50 புள்ளி வேண்டும். பட்டியலில் பெயர் இருப்பதற்காகச் சும்மா கிடைப்பது 15 புள்ளி. மீதி 35ஐ இணையவழிப் பாடம், சம்பளமில்லாத வேலை என்று தேடிச் சேர்க்க வேண்டும். சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். சேர்க்கப்போவதாகச் சொன்னவர்களை இன்னும் நிறையத் தெரியும்.

ஐஆர்ஆரை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. கைக்குழந்தை, படிப்பு, பெற்றோரின் நோய் என்று இரண்டு வருடம் மூச்சுவிட நேரம் வேண்டும், திரும்பி வருவோம் என்ற நிச்சயமும் இருந்தால் அது நல்ல இடைவேளை. வீட்டில் வேறு காப்பீடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் நிலையில், 15இல் நின்றுகொண்டு அங்கே போவது படிக்கட்டில் உட்கார்ந்து மாடி தெரிகிறது என்று சொல்வது போல.

மூன்றாவது, நீண்ட ஆர்டர்ஸ் (பணி உத்தரவு) வாங்கி முழுநேரப் பணிக்குப் போவது, அல்லது அவர்களே கூப்பிட்டுக்கொள்வது. இங்கே எல்லாம் 30 என்ற எண்ணில் நிற்கிறது. ஆர்டர்ஸ் 30 நாளோ அதற்குக் குறைவோ என்றால் குடும்பத்துக்கு எதுவும் மாறாது. 30ஐத் தாண்டினால், அதாவது 31ஆம் நாள் அந்தத் தாளில் இருந்தால், குடும்பம் முழுநேர வீரரின் குடும்பமாகிவிடும்: டிடி 1173 அட்டை, பிரீமியம் இல்லாத ட்ரைகேர். ஒரே ஒரு நாள்! 29 நாள், 30 நாள் என்று ஆர்டர்ஸ் வெட்டித் தருவதைப் பற்றி ரிசர்வ் மனைவிகள் பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடும்.

2019இல் அவரை குவைத்துக்கு அனுப்பினார்கள். அப்போது இதன் முழு ஓட்டத்தையும் பார்த்தேன். இப்படிப் போர்ச்சூழலுக்கான அழைப்பு என்றால், ஆர்டர்ஸ் கைக்கு வந்ததிலிருந்தே, பணி தொடங்குவதற்கு 180 நாள் முன்பு வரைகூட, குடும்பத்துக்கு மருத்துவம் தொடங்கிவிடலாம். திரும்பி வந்த பிறகு இன்னொரு 180 நாள் இடைக்கால மருத்துவம். அது தீர்ந்ததும் 90 நாளுக்குள் ரிசர்வ் செலக்டுக்கு மாறிக்கொண்டோம். கம்பெனிக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: அதை விட்டுவிடாமல் 24 மாதம் வரை தொடரலாம், முதல் 30 நாளுக்குப் பிறகு முழுச் செலவில் 102 சதவீதம் வரை நம்மிடம் கேட்கலாம். விட்டாலும் பாதகமில்லை, வேலைக்குத் திரும்பும்போது காத்திருப்புக் காலம் வைக்காமல் மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம்.

நேஷனல் கார்டு என்ற மாநிலப் படையில் இருப்பவர்கள் ஆர்டர்ஸைக் கையில் வாங்கியதும் நாளை எண்ணுவதற்கு முன் அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று பாருங்கள். மத்திய அரசின் ஆர்டர்ஸ் என்றால் மேலே சொன்னது பொருந்தும். புயல், வெள்ளம் என்று மாநில கவர்னர் தன் செலவில் கூப்பிட்டால், இரண்டு மாதமானாலும் குடும்பத்தின் அட்டையில் ஒரு எழுத்தும் மாறாது. அதே சீருடை, அதே லாரி, அதே சேறு.

இந்த மூன்றாவது வழியை ஒரு "தேர்வு" என்று சொல்வதே எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பத்து மாதம் தனியாக ஒரு மூன்று வயதுக் குழந்தையோடு இருந்தேன். பிரீமியம் இல்லாத காப்பீடு நல்ல விஷயம்தான். அதற்காக யாரும் அதைக் கேட்டு வாங்க வேண்டாம்.

நான்காவது, 20 ஆண்டை முடித்து ரிசர்விலிருந்து ஓய்வு பெறுவது. கணக்குப்படி அவருக்கு 49 வயதில் முடியும். பென்ஷன் 60இல். நடுவில் 11 ஆண்டு. இதைத்தான் "கிரே ஏரியா" என்கிறார்கள், கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை என்பதால். அந்த 11 ஆண்டும் எனக்கும் மகளுக்கும் அட்டை உண்டு, கமிசரி உண்டு. மருத்துவத்துக்கு ட்ரைகேர் ரிடையர்ட் ரிசர்வ் என்ற திட்டம் உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்று போல இருக்கிறதே, விலையும் கிட்டத்தட்ட இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். இதில் அரசின் பங்கு ஒன்றும் இல்லை, முழுச் செலவும் நம் தலையில். 2025இல் குடும்பத்துக்கு மாதம் 1,513.04 டாலர். ஆண்டுக்கு 18,000 டாலரைத் தாண்டுகிறது. இந்த எண்ணை அவரிடம் காட்டியபோது "மாசத்துக்கா, வருஷத்துக்கா?" என்று கேட்டார்.

ஆகவே ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து 60 வரை கம்பெனிக் காப்பீட்டை நம்பித்தான் இருக்க வேண்டும். 60இல் பென்ஷனும் ட்ரைகேரும் வரும், 65இல், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருடன் சேர்ந்த ட்ரைகேர். 2008 ஜனவரி 28க்குப் பிறகு ரிசர்வ் வீரராக இருந்து செய்த முழுநேரப் பணியில் ஒவ்வொரு 90 நாளுக்கும் மூன்று மாதம் என்று பென்ஷன் வயது குறையும், 50 வரை. குவைத் போனது அந்த வகையில் அவருக்குக் கொஞ்சம் உதவும். முதல் நான்கு ஆண்டு முழுநேரப் பணி இதில் சேராது, அப்போது அவர் ரிசர்வில் இல்லையே. ஆனால் கவனிக்க வேண்டியது, பென்ஷன் முன்னால் வந்தாலும் மருத்துவம் 60இல்தான். பணம் வர ஆரம்பித்துவிட்டது என்று கம்பெனிக் காப்பீட்டை விட்டுவிடக் கூடாது.

20 முடிந்ததும் ஒரு கடிதம் வரும், இருபதாண்டுக் கடிதம் என்பார்கள். அதைப் பிரேம் போட்டு மாட்டுவதற்கு முன் படித்துப் பாருங்கள். வீரர் இறந்தால் மனைவிக்கு ஓய்வூதியத்தில் பங்கு வர வேண்டுமா, எப்போதிலிருந்து என்பதை 90 நாளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுப் பங்கும் உடனே கிடைப்பதைக் குறைத்தோ தள்ளியோ வைப்பதென்றால் மனைவியின் ஒப்புதல் கையெழுத்து தேவை. "என்னங்க, அந்தக் கவர் வந்தா என்கிட்ட காட்டாம எங்கயும் வைக்காதீங்க" என்று நான் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். 60க்கு முன் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான் மறுமணம் செய்யாதவரை என் அட்டை தொடரும், ட்ரைகேர் அவருக்கு 60 ஆகியிருக்கும் நாளில் தொடங்கும். விவாகரத்தானவர்களுக்கு 20/20/20 என்ற விதி: 20 ஆண்டுத் திருமணம், 20 ஆண்டுப் பணி, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக 20 ஆண்டு. இந்த மூன்றும் இருந்தால் முன்னாள் மனைவிக்கும் தன் பெயரிலேயே உரிமை உண்டு.

ஐந்தாவது வழி, முழுக்க வெளியே வருவது. இதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், குடும்பத்துக்கு எதுவும் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து பணியால் ஏற்பட்ட ஊனத்துக்கு மதிப்பீடு பெற்ற முன்னாள் வீரர்கள் கமிசரிக்குப் போகலாம் என்றாகியிருக்கிறது, ஆனால் அது வீரருக்குத்தான். நூறு சதவீத மதிப்பீடு பெற்றவர்களின் குடும்பத்துக்கு மட்டும் தனியாக அட்டை உண்டு.

இப்படி ஐந்தையும் அடுக்கிப் பார்த்தபோது, நானும் அவரும் வெவ்வேறு விஷயத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. அவர் ஐஆர்ஆரையும் செலக்டட் ரிசர்வையும் ஒப்பிட்டார்: வார இறுதி எனக்கா ராணுவத்துக்கா. நான் 15இல் நிற்பதையும் 20இல் நிற்பதையும் ஒப்பிட்டேன். அட்டையை மட்டும் பார்த்தால் முதல் நான்கு வழியிலும் பையில் ஒன்று இருக்கத்தான் போகிறது, விமான நிலையத்தில் நீட்டினால் ஏற்றுக்கொள்ளத்தான் போகிறார்கள் (உள்நாட்டு விமானத்தில் ஏற ரியல் ஐடி என்ற தரத்து அடையாள அட்டை கட்டாயமான 2025 மே 7க்குப் பிறகு இது ஒரு சின்ன நிம்மதி). 60 வயதில் அந்த அட்டைக்குப் பின்னால் ஏதாவது இருக்குமா என்பது இந்த ஐந்து ஆண்டில்தான் தீர்மானமாகிறது. அதற்காக இன்னும் ஐந்து ஆண்டு மாதம் ஒரு வார இறுதியை விடலாம், அதே ஐந்து ஆண்டும் மலிவான ரிசர்வ் செலக்ட் நம்மோடு இருக்கும் என்பது என் பக்கம். 8 ஆண்டில் நிற்பவருக்கு நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். 12 ஆண்டு என்பது வேறு கணக்கு, பிள்ளையின் முழுப் பள்ளிக்காலம்.

எந்த வழியானாலும் அட்டை அலுவலகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அதனால் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீரர் கூட வந்தால் வேலை சுலபம். வர முடியாவிட்டால் டிடி 1172-2 படிவத்தை அவர் தன் அட்டையைக் கணினியில் செருகி இணையம் வழியாகவே கையெழுத்திட்டு அனுப்பலாம், அல்லது நோட்டரி முன் கையெழுத்திட்டுத் தரலாம். குவைத் கிளம்புவதற்கு முன் இதைச் செய்யாமல் போனவர்களின் மனைவிகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் இரண்டு அடையாளச் சான்று, அதில் ஒன்றாவது காலாவதியாகாத, படமுள்ள அரசு அட்டை. கல்யாணச் சான்றிதழ் சார்பதிவாளர் கொடுத்ததாக இருக்க வேண்டும். மண்டப ரசீதும் பத்திரிகையும் ஆல்பமும் அங்கே செல்லாது. தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் கூட.

என் விஷயத்தில் இத்தனையும் இருந்தும் முதல் முறை வெறுங்கையோடு திரும்பினேன். காரணம் என் பெயர். மீனாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சான்றிதழில் எஸ். மீனாட்சி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் இருக்கும் பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டு, முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்து ஓட்டுநர் உரிமமும் எஃப்என்யு மீனாட்சி. கவுன்டரில் இருந்த அம்மா மூன்று தாளையும் வரிசையாக வைத்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே போனார். பொறுமையான மனுஷி. "இவங்க மூணு பேர்ல நீங்க யாரு?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எஸ் என்பது என் அப்பா என்று விளக்கினேன். அப்பா சான்றிதழில் எதற்கு வந்தார் என்று அவருக்குப் புரியவே இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஹூஸ்டன் துணைத் தூதரகத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்து பாஸ்போர்ட்டை மாற்றி, அதைக் காட்டி சோஷியல் செக்யூரிட்டி அட்டையை மாற்றி, அதைக் காட்டி உரிமத்தை மாற்றி, திரும்ப அந்தக் கவுன்டருக்குப் போக ஏழு மாதம் ஆனது. ஊரில் கல்யாணம் பதியும்போதே இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுதச் சொன்னால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் செய்யுங்கள்.

நேற்று இரவு அவர் தாளில் கையெழுத்துப் போட்டார், ஐந்து ஆண்டுக்கு இல்லை, மூன்றுக்கு. "மிச்சம் ரெண்டு வருஷத்த அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. மகளுக்கு வரும் பிப்ரவரியில் 10 ஆகிறது. பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துப் பார்த்தேன். டெக்ஸஸில் பிறந்தவள், அப்பா பெயர் கடைசியில், முழுதாக, புள்ளி எதுவும் இல்லாமல். இவளை யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.